கீபோர்டுல வாசிச்ச கிட்டார் ஏன் கிட்டார் மாதிரி கேக்க மாட்டேங்குது?

வீட்லயே லேப்டாப் வச்சு பாட்டு பண்றவங்ககிட்ட கிட்டார் பத்தி பேச்செடுத்தா பாதிப் பேரு ஒரே பதில்தான் சொல்லுவாங்க, "அந்த விஎஸ்டி சரியில்ல ப்ரோ, இத போட்டுப் பாரு". சரின்னு போடுவோம், ராத்திரி பூரா ஓடி டவுன்லோடு முடியும், ஒத்த நோட்ட தட்டிப் பாத்தா நெஜமாவே சூப்பரா இருக்கும், ஆனா கார்ட் (ஒண்ணா ஒலிக்கிற நோட்டுகளோட கூட்டம்) புடிச்சு ரிதம் வாசிச்ச உடனே பழைய குருடி கதவ திறடிங்கிற கதைதான். உடனே அடுத்த லைப்ரரிய (கிட்டார் சத்தத் தொகுப்ப) தேட ஆரம்பிச்சிருவாங்க.

சவுண்டுல பிரச்சினை ரொம்ப ரொம்ப கம்மி. பிரச்சினை கையில. கிட்டார் வாசிக்கிறவரோட வலது கை என்ன பண்ணுதோ அத நம்ம கீபோர்டு பண்றதில்ல, அவ்ளோதான் விஷயம். அந்தக் கை என்னதான் பண்ணுதுன்னு புரிஞ்சா ஃப்ரீயா கிடைக்கிற லைப்ரரிய வச்சே நம்புற மாதிரி ஒரு ரிதம் கொண்டு வரலாம், புரியலன்னா எவ்ளோ காசு போட்டாலும் கீபோர்டு மாதிரிதான் கேக்கும்.

முதல்ல ரெண்டு வார்த்தை. விஎஸ்டின்னா கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இசைக்கருவி. மிடின்னா கீபோர்டு அதுகிட்ட சொல்ற தகவல்: எந்தக் கட்டை, எப்ப அமுக்குச்சு, எவ்ளோ வேகமா அமுக்குச்சு, எப்ப விட்டுச்சு. 1983ல வந்த ஏற்பாடு, இன்னிக்கும் அதேதான் ஓடிட்டிருக்கு. மிடில சத்தம் எதுவும் கிடையாது, வெறும் உத்தரவு மட்டும்தான்.

ஸ்ட்ரம்முன்னா உண்மையில என்ன

சின்ன வயசுல இரும்புக் கம்பி கேட்டுல ஒரு குச்சிய வச்சு இழுத்துக்கிட்டே ஓடிருப்பீங்க, டர்ர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும். ஓட்டத்த கூட்டுனா அது ஒரே சத்தமா கேக்கும், மெதுவா நடந்தா ஒவ்வொரு கம்பியா தனித்தனியா கேக்கும், திரும்பி வரும்போது கடைசிக் கம்பி முதல்ல அடிக்கும். நடுவுல ஒரு கம்பிய மட்டும் முந்தி அடிக்கவே முடியாது, ஏன்னா குச்சி ஒண்ணுதான், அது ஒரு பக்கமா போயிட்டிருக்கு.

கிட்டார்ல ஆறு கம்பி, ஒரு பிக் (கம்பிய மீட்டுற சின்னத் தகடு), அத கம்பிங்க மேல இழுக்கிறதுதான் ஸ்ட்ரம். மேல இருந்து கீழ வந்தா டவுன் ஸ்ட்ரோக், தடிச்ச ஆறாவது கம்பில ஆரம்பிச்சு மெல்லிசான முதல் கம்பில முடியும். கீழ இருந்து மேல போனா அப் ஸ்ட்ரோக், வரிசை தலைகீழ். ஆறு கம்பிக்கு நடுவுல அஞ்சு இடைவெளி இருக்குல்ல, ஒரு சாதாரண ஸ்ட்ரம்ல ஒவ்வொரு இடைவெளியையும் தாண்ட சுமாரா ஆறு மில்லி செகண்ட்னு வச்சுக்கோங்க (ஒரு செகண்ட ஆயிரமா வெட்டுனா ஒரு துண்டுதான் மில்லி செகண்ட்), மொத்தம் 30 மில்லி செகண்ட். காதுக்கு அது ஆறு நோட்டா தெரியாது, ஒரு கார்ட்டாதான் தெரியும், ஆனா அந்த 30 இல்லாம ஆறும் சரியா ஒரே நேரத்துல விழுந்தா இது கை வாசிச்சதில்லன்னு காது உடனே கண்டுபிடிச்சிரும். பாட்டோட கடைசி கார்ட்ட இழுத்து விடுறாங்க பாருங்க, அங்க இடைவெளி 30, 40ன்னு தாராளமா போகும்.

கீபோர்டுல மூணு விரல ஒண்ணா வைக்கிறோம், மூணு நோட்டும் கிட்டத்தட்ட ஒண்ணா விழுது. பியானோவுக்கு அது சரி, கிட்டாருக்கு அது நடக்கவே நடக்காத ஒரு விஷயம்.

அதாவது இதுவரைக்கும்: ஒரு ஸ்ட்ரம்முங்கிறது ஒரு அடி இல்ல, வரிசையா விழுற ஆறு அடி. வரிசை, இடைவெளி, போற திசை மூணும் வேணும்.

விரல் வைக்கிற கார்ட்டும் கம்பில வர்ற கார்ட்டும்

வரிசைய சரி பண்ணியும் சில பேருக்கு கிட்டார் வராது. காரணம் வாய்சிங், அதாவது ஒரு கார்ட்டோட நோட்டுகள எந்தெந்த உயரத்துல அடுக்குறோம்ங்கிறது.

மிடில ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நம்பர் உண்டு, நடு சி 60. (சி3, சி4ன்னு பேர் சொல்லி பேசுனா குழப்பம்தான் வரும், அதே 60அ யமஹா சி3ன்னு சொல்லும், பாட்டு பண்ற சாஃப்ட்வேர் எஃப்எல் ஸ்டுடியோ சி5ன்னு காட்டும், அதனால நம்பர்லயே போயிடுறேன்.) கிட்டாரோட ஆறு கம்பியும் எதையும் அமுக்காம வாசிச்சா 40, 45, 50, 55, 59, 64. இத எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சுக்கலாம், அவ்ளோ உபயோகம்.

இப்ப ஜி மேஜர். கீபோர்டுல வலது கைல சாதாரணமா 55, 59, 62. கிட்டார்ல எல்லாரும் முதல்ல கத்துக்கிற ஜி கார்ட்டுல வர்றது 43, 47, 50, 55, 59, 67. ரெண்டு ஆக்டேவ் (ஒரு ஆக்டேவ்னா 12 கட்டை) அகலம். 59க்கும் 67க்கும் நடுவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு பாருங்க, ரெண்டாவது கம்பி சும்மா திறந்து கெடக்கு, முதல் கம்பில மூணாவது ஃப்ரெட்ட (கிட்டார் கழுத்துல இருக்கிற கட்டத்த) அமுக்குறாங்க, அதனால அந்த ஓட்டை. எந்த கீபோர்டுக்காரரும் தானா அப்படி விரல் வைக்க மாட்டாரு.

சி மேஜர்னா 48, 52, 55, 60, 64, அஞ்சே நோட்டு, ஆறாவது கம்பிய தொடக்கூடாது. ஈ மேஜர் 40, 47, 52, 56, 59, 64. இதுல அடில 40க்கு அடுத்து நேரா 47, நடுவுல எதுவும் இல்ல. அடில நெருக்கமா நோட்டு அடுக்கினா கொழகொழன்னு ஆயிரும், கிட்டார்ல பல கார்ட்டு ஷேப்ல அந்த தொல்லை தானாவே தவிர்ந்துருது.

நல்ல லைப்ரரிகள்ல கார்ட் டிடெக்ஷன்னு ஒண்ணு இருக்கும், நீங்க மூணு விரல்ல ஜி புடிச்சா அது உள்ளுக்குள்ள ஆறு கம்பிக்கு மாத்திக்கும். அத ஆன் பண்ணாம, மெலடி மோடுல வச்சு கார்ட் வாசிச்சிட்டு லைப்ரரிய திட்டுறவங்க நெறைய. அப்படி வசதி இல்லாத சாம்ப்ளர்னா (ரெக்கார்ட் பண்ண சத்தத்த எடுத்து வாசிக்கிற விஎஸ்டி) மேல சொன்ன நம்பர கையால போட்டுக்க வேண்டியதுதான்.

கை நிக்காது

என்னைக் கேட்டா முழு மேட்டரும் இங்கதான் இருக்கு, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஒருத்தர் ஸ்ட்ரம் பண்றத சத்தத்த மியூட் பண்ணிட்டு வெறும் கைய மட்டும் பாருங்க. கை மேல கீழ மேல கீழன்னு நிக்காம போயிட்டே இருக்கும், ரிதம் என்னவா இருந்தாலும் கை மாறாது. எந்தெந்த தடவை கம்பில படணும் எந்தெந்த தடவை காத்துல போகணும்ங்கிறத மட்டும்தான் அவரு மாத்துறாரு.

ஒன்-அண்ட்-டூ-அண்ட்-த்ரீ-அண்ட்-ஃபோர்-அண்ட்னு எண்ணுங்க. நம்பர் வர்றப்பெல்லாம் கை கீழ வருது, அண்ட் வர்றப்பெல்லாம் மேல போகுது. ஊரெல்லாம் சொல்லிக்கொடுக்கிற டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப்ங்கிற பேட்டர்ன இதுல வச்சுப் பாருங்க: ஒன்னுல டவுன், டூல டவுன், அதோட அண்டுல அப், த்ரீல கை கீழ வருது ஆனா கம்பில படல, அண்டுல அப், ஃபோர்ல டவுன், அண்டுல அப். த்ரீ காலியா இருக்கு, அதனாலதான் அடுத்தடுத்து ரெண்டு அப் வருது.

கீபோர்டுல இருந்து வர்றவங்க இதே தாளத்த சரியா வாசிப்பாங்க, இடமெல்லாம் கரெக்டா இருக்கும், ஆனா எல்லாமே டவுன், இல்லன்னா மாத்தி மாத்தி டவுன் அப் டவுன் அப்னு போட்டுருவாங்க. அப்ப டூ தாண்டி வர்ற அண்டுல டவுன் விழும். கேக்குறவருக்கு ஏன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஏதோ இடிக்கும். விதி சுலபம்: எட்டுக்கு எண்ணுற ரிதம்னா பீட் மேல விழுறதெல்லாம் டவுன், நடுவுல விழுறதெல்லாம் அப், எது விட்டுப்போனாலும் இது மாறாது. பதினாறா பிரிச்சு வாசிக்கிற வேகமான ரிதம்னா கை ரெண்டு மடங்கு அடிக்கடி ஆடும், அப்ப அண்டும் டவுன் ஆயிரும், அதுக்கு நடுவுல இருக்கிறதுதான் அப்.

அப் ஸ்ட்ரோக்ல இன்னொண்ணு. கை மேல போகும்போது ஆறு கம்பியையும் அடிக்கிறது அபூர்வம், முதல் மூணு நாலு கம்பியத் தொட்டுட்டு விலகிப் போயிரும், சத்தமும் கம்மியா இருக்கும். இங்கதான் வெலாசிட்டி, அதாவது கட்டைய அமுக்குற வேகத்துக்கு மிடி குடுக்கிற 1ல இருந்து 127 வரைக்குமான மதிப்பு. டவுனுக்கு 95 பக்கம் வச்சா அப்புக்கு 65, 70ல ஆரம்பிச்சுப் பாருங்க, டூலயும் ஃபோர்லயும் கொஞ்சம் ஏத்தி விடுங்க.

அப் ஸ்ட்ரோக் மெல்லிசான மூணு கம்பியத்தான் தொடுதுன்னா, அடிக் கம்பிகள், அதாவது தடிச்ச கம்பிகள், என்ன பண்ணுது? அதுபாட்டுக்கு முன்ன அடிச்ச டவுன்ல இருந்து முழங்கிட்டேதான் இருக்கும். ஆனா பியானோ ரோல்ல (நோட்ட பட்டை பட்டையா காட்டுற திரை) பெரும்பாலானவங்க டவுன் பட்டை எல்லாத்தையும் அப் வர்ற இடத்துல நறுக்குன்னு வெட்டிருப்பாங்க. அடி மூணு நோட்டோட பட்டைய அடுத்த டவுன் வரைக்கும் நீட்டி விடுங்க, மேல் மூணு மட்டும் அப் வர்றப்ப முடியட்டும். இத ஒரு தடவை பண்ணிட்டு கண்ண மூடிக் கேளுங்க, அது வரைக்கும் துண்டு துண்டா இருந்தது ஒரே வாத்தியமா ஒட்டிக்கும்.

அதே மாதிரி ஒரு கம்பில ஒரு நேரத்துல ஒரு நோட்டுதான் இருக்க முடியும், திரும்ப அடிச்சா பழசு செத்துப்போயிரும். சஸ்டெயின் பெடல (கட்டைய விட்டாலும் நோட்ட நீட்டிக்கிற பெடல) மிதிச்சிட்டே வாசிச்சா சாதாரண சாம்ப்ளர்ல பழசும் புதுசும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி சேறாயிரும், அதனால பெடல்ல இருந்து கால எடுத்துருங்க.

சுருக்கமா: திசைய முடிவு பண்றது பீட், நம்ம இஷ்டம் இல்ல. டவுன் முழுசு, அப் அரைகுறை. அப் வந்தாலும் அடிக் கம்பி ஓயாது.

இடது கையோட திருட்டுத்தனம்

ஜில இருந்து சிக்கு மாறணும், ஃபோர்-அண்டுல ஒரு அப் இருக்கு, அடுத்த ஒன்னுல சி வரணும். அந்த அப் விழுற நேரத்துல இடது கை விரல் ஏற்கனவே ஜிய விட்டுட்டு சிய தேடிப் போயிட்டிருக்கும். அப்ப வலது கை எத அடிக்கும்? வெறும் ஓப்பன் கம்பிய, 64, 59, 55. கார்ட்டு மாத்துற அவசரத்துல நெறைய கிட்டாரிஸ்டுங்க இப்படித்தான் வாசிக்கிறாங்க, நம்ம யாரும் கவனிக்கிறதில்ல. கார்ட் மாறுறதுக்கு முன்னாடி இருக்கிற கடைசி அப்ப இப்படி மாத்தி வெலாசிட்டிய 50க்கு இறக்கிப் பாருங்க. தனியா கேட்டா தப்பு நோட் மாதிரி இருக்கும், பாட்டோட கேட்டா ஆள் வந்து உக்காந்த மாதிரி இருக்கும். ஓப்பன் கார்ட்டு இருக்கிற பாட்டுல மட்டும் பண்ணுங்க, ஈ ஃப்ளாட் மாதிரி ஸ்கேல்ல பண்ணா அசிங்கமாயிரும்.

"சக்"னு வர்ற அடைச்ச அடியும் இடது கை வேலைதான், விரல கம்பில இருந்து எடுக்காம அமுக்கத்த மட்டும் தளர்த்துறாங்க. அத வரவைக்கத்தான் கீஸ்விட்ச்: சத்தம் குடுக்காம, வாசிக்கிற விதத்த மட்டும் மாத்துற கட்டை. கிட்டார் 40க்குக் கீழ போகாதுங்கிறதால பல லைப்ரரி அந்த காலி இடத்தத்தான் இதுக்கு எடுத்துக்கும். உங்ககிட்ட 61 கட்டை கீபோர்டு இருந்தா அது 36லதான் ஆரம்பிக்கும், அதுக்குக் கீழ இருக்கிற கீஸ்விட்சுக்கு ஆக்டேவ் பட்டன தட்டணும். "என் லைப்ரரில மியூட்டே இல்ல"ன்னு சொல்ற பல பேருக்கு விஷயம் இவ்ளோதான்.

ஹியூமனைஸ் பட்டன் உதவாது

மெஷின் மாதிரி கேக்குதா, ஹியூமனைஸ் போடுன்னு ஒரு அறிவுரை சுத்திட்டிருக்கு. அந்த பட்டன் பண்றது ஒவ்வொரு நோட்டையும் கண்டமேனிக்கு கொஞ்சம் முன்ன பின்ன தள்றது. உங்க ஸ்ட்ரம்ல கம்பிக்கு கம்பி 6 மில்லி செகண்ட்தான் இடைவெளி, நீங்க 10 மில்லி செகண்ட் முன்ன பின்னன்னு ரேண்டம் குடுத்தா என்ன ஆகும், மூணாவது கம்பி நாலாவத முந்திரும். குச்சி எகிறிக் குதிச்சு அடுத்த கம்பிய அடிச்சிட்டு திரும்ப வந்து முந்தினத அடிச்ச கதை. அது மனுஷத்தனம் இல்ல, பிசிறு. மாத்தணும்னா மொத்த ஸ்ட்ரம்மையும் ஒண்ணா நகத்துங்க, ஒரு ஸ்ட்ரம்ம 25ல முடிங்க, இன்னொண்ண 40க்கு இழுங்க, உள்ள இருக்கிற வரிசைய மட்டும் தொடாதீங்க.

இதுக்குன்னே டூல் இருக்கு. எஃப்எல் ஸ்டுடியோ பியானோ ரோல்ல ஆல்ட்டோட எஸ் தட்டுனா ஸ்ட்ரம் டூல் வரும், அதே மாதிரி சாஃப்ட்வேரான ஏபிள்டன் லைவ் 12லயும் ஸ்ட்ரம்முன்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, கார்ட்ட செலக்ட் பண்ணி இழுத்தா வரிசையா சாயும். ஆனா ஒரு எச்சரிக்கை, இப்படி சாய்ச்சா முதல் நோட் பீட்ல உக்காந்து மத்ததெல்லாம் லேட்டாகும், பளிச்சுன்னு கேக்குற மெல்லிசு கம்பிகள் 30 மில்லி செகண்ட் பிந்தி வரும், முழு ரிதமும் டிரம்ஸுக்குப் பின்னாடி இழுக்கிற மாதிரி தெரியும். டிராக்க 10, 15 மில்லி செகண்ட் முன்னாடி தள்ளி விட்டா சரியாயிரும்.

எந்த வகை லைப்ரரி என்ன பண்ணும்

மூணு குடும்பம். முதலாவது, ஆள் வாசிச்ச ரிதத்தயே ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பாங்க, நீங்க கார்ட்ட மட்டும் புடிச்சா போதும், நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட செஷன் கிட்டாரிஸ்ட் வரிசை இப்படி. கேக்க அருமை, ஆனா அவங்க குடுத்த பேட்டர்ன தாண்டி பெருசா போக முடியாது. ரெண்டாவது, ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி ஸ்ட்ரம்ம உள்ளயே அடுக்கிக் குடுக்கிறது, ஆம்பிள் கிட்டார், ரியல்கிட்டார் எல்லாம் இதுல வரும். ஆம்பிள் கிட்டார் எம்முக்கு லைட்னு ஒரு ஃப்ரீ வெர்ஷன் இருக்கு, ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன். இந்த வகைல ரவுண்டு ராபின் இருக்கான்னு பாத்துக்கோங்க, ஒரே நோட்ட திரும்பத் திரும்ப அடிச்சா வேற வேற ரெக்கார்டிங்க மாத்தி மாத்தி எடுக்கிறதுக்கு அந்தப் பேரு, அது இல்லன்னா டக்டக்டக்னு ஒரே அச்சுல விழும்.

மூணாவதுல ரெக்கார்டிங்கே கிடையாது, கம்பி அதிர்றத கணக்குப் போட்டே சத்தம் உண்டாக்கும், ஃபிசிக்கல் மாடலிங்னு சொல்லுவாங்க, ஏஏஎஸ் கம்பெனியோட ஸ்ட்ரம் ஜிஎஸ்-2 இந்த வகை. பழைய யோசனைதான், கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983லயே ஒரு எளிய வழிய வெளியிட்டாங்க: ஒரு சின்ன இரைச்சல் துண்ட எடுத்து சுத்திச் சுத்தி ஓட விட்டு ஒவ்வொரு சுத்துலயும் அத கொஞ்சம் மழுங்கடிச்சா கம்பி சுண்டுன சத்தம் வருது. அவ்ளோ சின்ன கணக்குல இவ்ளோ நெஜமான சத்தம் வருதுங்கிறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரி கீபோர்டுகள்லயும் இதே சங்கதி இருக்கு. யமஹா டைரோஸ், பிஎஸ்ஆர் எஸ் சீரிஸ்ல மெகா வாய்ஸ்னு கிட்டார் சவுண்டு உண்டு, ஸ்டைல்ல (கீபோர்டு தானா வாசிக்கிற பின்னணில) ஓடும்போது அசல் கிட்டார் மாதிரி இருக்கும், அதே வாய்ஸ செலக்ட் பண்ணி கையால வாசிச்சா அங்கங்க சக்குன்னு அடைக்குது, திடீர்னு சறுக்குது. கீபோர்டு ரிப்பேர்னு நெனச்சுருவாங்க. ரிப்பேர் இல்ல, அதுல வெலாசிட்டி சத்தத்த மட்டும் மாத்தாது, இந்த அளவுக்குள்ள வந்தா சாதா அடி, அந்த அளவுக்குப் போனா மியூட், இன்னும் மேல ஸ்லைடுன்னு வாசிக்கிற விதத்தயே மாத்தும். புரோகிராம் பண்றதுக்காக செஞ்சது, விரலால அவ்ளோ துல்லியமா அமுக்க யாராலயும் முடியாது.

கையால லைவ்வா வாசிக்க

ஸ்ட்ரம் மோடு இருக்கிற லைப்ரரில கீபோர்டு ரெண்டு பகுதியா பிரிஞ்சிருக்கும், ஒரு பக்கம் கார்ட், இன்னொரு பக்கம் ஸ்ட்ரோக் கட்டைகள், ஒண்ணு டவுன், ஒண்ணு அப். டவுனுக்கு ஒரு விரல், அப்புக்கு பக்கத்து விரல்னு வச்சுக்கிட்டு மாறி மாறி ஆட விடுங்க, த்ரீல சத்தம் வேண்டாம்னாலும் டவுன் விரல் கட்டைய தொடாம மேலயே இறங்கி ஏறட்டும். கை நிக்காதுன்னு சொன்னேன்ல, அது இப்படி விரலுக்கு வந்துரும். முதல்ல வெறும் டவுன்-அப் மட்டும் எட்டுக்கு எட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா விடுங்க.

இதுக்கு லேட்டன்சி கம்மியா இருக்கணும், கட்டைய அமுக்குறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல ஆகுற தாமதம் அது. ஆடியோ செட்டிங்ஸ்ல பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்புற சத்தத் துண்டோட அளவு) 1024ன்னு இருந்தா, செகண்டுக்கு 44100ங்கிற ரேட்டுல அதுமட்டுமே 23 மில்லி செகண்ட், கிட்டத்தட்ட ஒரு முழு ஸ்ட்ரம்மோட நீளம், அந்த நிலைமைல யாரு வாசிச்சாலும் தடுமாறும். 128ன்னு வச்சா 3க்குள்ள வந்துரும், கம்ப்யூட்டர் தாங்காம படபடன்னா 256.

கடைசியா ஸ்டீரியோ. இடதுல ஒண்ணு வலதுல ஒண்ணுன்னு ரெண்டு கிட்டார் வைக்கிறது வழக்கம், ஆனா ஒரே டிராக்க காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் தள்ளுனா அகலம் வராது, நடுவுல சத்தம் கூடும், அவ்ளோதான். ரெண்டாவத தனியா வாசிங்க. முடிஞ்சா வேற வாய்சிங்ல: ஜி ஸ்கேல் பாட்டுன்னா முதல் கிட்டார் சாதா ஜி ஷேப், ரெண்டாவதுக்கு ஏழாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லா கம்பியையும் ஒண்ணா அமுக்குற கிளிப்) போட்டு சி ஷேப், அப்ப ஜி கார்ட்டுக்கு 55, 59, 62, 67, 71 வரும். நெறைய லைப்ரரில கேப்போவுக்குன்னே ஒரு செட்டிங் இருக்கு, அத 7ல வச்சா மத்தத அதுவே பாத்துக்கும்.